காலையில் கை மடங்கவில்லையா? சரவாங்கி என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

கும்மிடிப்பூண்டி, (நமது நிருபர்)

காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு மின்சார ரெயில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து நிற்கிறது. தபதபவென்று கூட்டம் இறங்குகிறது. சிப்காட் பக்கம் போகிற வேனில் இடம் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. சாப்பாட்டுப் பையை விரலில் பிடிக்காமல், முழங்கைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தார்.

"ஏன் அக்கா இப்படி மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"விரல் மடங்க எட்டரை மணி ஆகும் தம்பி. அதுவரைக்கும் இது என் கையே இல்லை" என்றார்.

வயது 36. ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலை. கணவர் லாரி டிரைவர். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் வெட்கம் அல்ல. "காண்டிராக்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவார்" என்றார்.

இவருக்கு வந்திருப்பது முடக்குவாதம். டாக்டர்கள் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள். நம் பாட்டிமார் சொல்லும் 'சரவாங்கி' இதுதான். 100 பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. கேட்க சின்னக் கணக்குதான். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்து ஜனத்தொகையை வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 மடங்கு, 3 மடங்கு அதிகம். குழந்தைகளை வளர்த்து, வேலைக்கும் போகிற வயதில்தான் பலருக்கு ஆரம்பிக்கிறது.

14 மாதம் பறிபோனது

முதலில் இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கின. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். பிறகு கால் விரல்களின் அடிப்பக்கம். காலையில் தரையில் பாதம் வைத்தால் கூழாங்கல் மேல் நிற்பது போல இருந்ததாம்.

யாரோ சொன்னார்கள் என்று ஆந்திர எல்லைப் பக்கம் ஒருவரிடம் போயிருக்கிறார். பொட்டலம் பொட்டலமாகப் பவுடர். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. "தெய்வம்னு நினைச்சேன்" என்றார்.

நாலு மாதத்தில் முகம் பூரித்து உருண்டையானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "உடம்பு தேறிட்டே" என்றார்களாம். ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை. சர்க்கரை ஏறியது. பவுடரை நிறுத்தினால் வலி முன்னைவிடப் பயங்கரமாகத் திரும்பியது.

பெயரில்லாத பவுடர் மூன்று நாளில் வலியை விரட்டினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூட்டை உடைத்துத் திருடுகிறவன் பணத்தோடு போய்விடுகிறான். இந்தப் பொட்டலக்காரர்கள் பணத்தோடு எலும்பையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகிறார்கள்.

ஸ்டீராய்டே விஷம் என்று அர்த்தமில்லை. 1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், படுக்கையில் கிடந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார். 29 வயதுப் பெண் அவர். சில நாட்களில் எழுந்து கடைவீதிக்கே போய்விட்டார். உலகமே அதிசயித்தது. 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகுதான் பக்க விளைவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இன்றைக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அளவு பார்த்து, கொஞ்ச நாளைக்கு, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென்று தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலம் சாப்பிடுகிறவர்கள் அதைப் பயந்து ஒளிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தேய்மானம் வேறு, இது வேறு

வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு. அது நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் நேர் எதிர். ராத்திரி ஓய்வெடுத்து எழுந்தால்தான் விறைப்பு. அரை மணி, ஒரு மணி, சிலருக்கு மத்தியானம் வரைகூட இருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும்.

உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிற கதை இது. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு வீங்குகிறது. அது குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வலது கையில் வந்தால் இடது கையிலும் பெரும்பாலும் வரும். கூடவே அசதி, லேசான காய்ச்சல், பசியின்மை.

2006-ல் சிக்குன்குனியா நம் ஊரைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் பலருக்கு மூட்டு வலித்தது. அதனால் "இது அந்தக் காய்ச்சல் வலிதான், தானாகப் போய்விடும்" என்று காத்திருக்கும் பழக்கமும் வந்துவிட்டது. வீக்கமும் காலை விறைப்பும் 6 வாரத்தைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் ஆர்.ஏ. பேக்டர், ஆன்ட்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர். பார்ப்பார்கள். ஆர்.ஏ. பேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோய் இருந்தும் அந்தச் சோதனையில் தெரியாதவர்கள் உண்டு.

முதல் சில மாதங்கள்தான் முக்கியம். அரித்த எலும்பு திரும்ப வளராது. நம் பாக்கிங் அக்கா 14 மாதத்தை இழந்தார். இடது கையில் இரண்டு விரல் சாய்ந்துவிட்டது.

சென்டிரலுக்கு எதிரே...

எந்த டாக்டரிடம் போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூட்டு என்றதும் எலும்பு முறிவு டாக்டரைத் தேடுகிறார்கள். இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 'ருமட்டாலஜி' என்று கேட்க வேண்டும்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், அதாவது நம்முடைய பெரிய ஆஸ்பத்திரியில், இந்தப் பிரிவு 1970-களிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. டாக்டர் ஏ.என்.சந்திரசேகரன் அதை வளர்த்தவர். கும்மிடிப்பூண்டி ரெயிலிலோ திருவள்ளூர் ரெயிலிலோ ஏறி மூர் மார்க்கெட் காம்ப்ளக்சில் இறங்கினால், சாலையைக் கடந்தால் ஆஸ்பத்திரி. திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. முதலில் அங்கே பொது மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் சென்னைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கிற சென்னை மருத்துவக் கல்லூரிக்கும், முடக்குவாதத்துக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கப்படும் முக்கிய மாத்திரைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இங்கே படித்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். பிறகு அமெரிக்கா போனார். லெடர்லே மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் ஆராய்ச்சி நடந்தது. போலிக் ஆசிட் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அங்கேயே உருவாயின. அதில் ஒன்றுதான் மெதோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்கு. சுப்பாராவ் 1948-ல் காலமானார். சிறிய அளவில் கொடுத்தால் முடக்குவாதம் அடங்குகிறது என்று பிறகு தெரிந்தது. 1988-ல் அமெரிக்க அரசு அதை இந்த நோய்க்கு அங்கீகரித்தது.

வேடிக்கை என்னவென்றால், மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்குப் பக்க விளைவு குறைய போலிக் ஆசிட் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டுமே அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து வந்தவை!

வாரம் ஒரே நாள்! தினமும் அல்ல!

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து மாத்திரை டப்பாவில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல தினமும் என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உலகம் முழுவதும் உண்டு. இதைத் தினமும் சாப்பிட்டால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். வாயெல்லாம் புண்ணாகும்.

எனவே கிழமையை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். நம் பாக்கிங் அக்காவுக்கு வியாழக்கிழமை. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வருடம் முழுவதற்கும் வியாழனை எல்லாம் வட்டம் போட்டுவிட்டார். மாத்திரை சாப்பிட்டதும் வட்டத்துக்குள் ஒரு கோடு. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வட்டத்தைப் பார்த்து "இன்னிக்குத் தானேடி?" என்று கேட்டுவிடுகிறாராம். மெதோட்ரெக்சேட் அட்டையில் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்திருக்கிறார். போலிக் ஆசிட் வேறு நாளில், டாக்டர் சொன்னபடி.

மாத்திரை வேலை செய்ய 6 வாரம் முதல் 12 வாரம் வரை ஆகும். பாதிப் பேர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். "ஒரு மாசம் சாப்பிட்டேன், கேட்கலை" என்று நிறுத்திவிட்டுப் பொட்டலக்காரனிடம் போகிறார்கள்.

டாக்டர் சொல்கிற இடைவெளியில் ரத்தச் சோதனை கட்டாயம். கல்லீரல் கெடாமல் பார்க்க வேண்டும். டாஸ்மாக் பக்கம் போகிறவர்கள் அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குடியும் இந்த மாத்திரையும் சேரக் கூடாது. வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் சாப்பிடவே கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

அந்த வேறு மருந்துகளில் ஒன்று ஹைட்ராக்சிகுளோரோகுவின். 2020-ல் கொரோனா நேரத்தில் ஜனங்கள் இதை வாங்கிப் பதுக்கியதில், முடக்குவாதக்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். இதை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குடமும் இடியாப்ப உழக்கும்

மருந்து பாதி. மீதி, வீட்டிலும் வேலையிலும் மூட்டைக் காப்பாற்றுகிற சாமர்த்தியம். சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டிடம் தள்ளிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் தூக்க வேண்டியதை முன்கையும் தோளும் தூக்கட்டும். பை முழங்கையில் தொங்குவதன் ரகசியம் அதுதான்.

தண்ணீர் லாரி வந்தால் ஒரு முழுக் குடத்தை விரலால் கொத்தாகப் பிடித்துத் தூக்காதீர்கள். அரைக் குடமாக இரண்டு நடை. குடத்தை இடுப்பில் வைத்து முன்கையால் அணைத்துக்கொள்ளுங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல், குழாயின் மேல் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் சொட்டச் சொட்டக் காயட்டும், நம்ம ஊர் வெயிலுக்கு என்ன குறைச்சல்! இடியாப்பம் பிழிவது, முறுக்குப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் வீட்டு ஆம்பிளைகள் பங்கு. கொஞ்சம் பழகட்டும்.

கரண்டிக் காம்பு மெல்லிசாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கிக் காம்பில் சுற்றிவிட்டால் பருமனாகிவிடும். கத்தி, பேனா, ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் இதே வித்தைதான். குனிந்து பெருக்கும் துடைப்பத்துக்குப் பதில் நீளக் கம்பு துடைப்பம். அரிவாள்மணையில் சம்மணம் போட்டு உட்காருவதைவிட மேஜை உயரத்தில் நின்றோ ஸ்டூலில் உட்கார்ந்தோ நறுக்கலாம். கழிப்பறையில் குந்த முடியாதவர்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

காலையில் எழுந்ததும் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் இரண்டு கையையும் வைத்து, மெதுவாக மூடித் திறக்க வேண்டும். கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். 10 தடவை. தோளுக்குச் சுவரில் விரலால் ஏறுவது. மூட்டு சூடாகி வீங்கியிருக்கும் நாளில் வெந்நீரைவிடக் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும். அன்றைக்குப் பளு தூக்கும் பயிற்சி வேண்டாம். ஆனால் அசையாமலே கிடந்தால் மூட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். கால் மடங்கியே நின்றுவிடும்.

கைக்கு மெழுகு ஒத்தடம் பிசியோதெரபி பிரிவில் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் வீட்டில் முடங்கியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சலூனில் ஜாக்கிரதை

ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை. முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருப்பி 'படக்' என்று நெட்டி எடுப்பார்களே, முடக்குவாதம் உள்ளவர்கள் அதற்கு ஒருபோதும் தலையைக் கொடுக்காதீர்கள். இந்த நோய் நாள்பட்டால் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் கட்டுகள் தளர்ந்துபோகலாம். அந்த நேரத்தில் ஒரு 'படக்' தண்டுவடத்தை நசுக்கிவிடும். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் கழுத்தை வளைப்பார்கள்.

பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். புகை இந்த நோயை வரவழைக்கவும் செய்கிறது, முற்ற வைக்கவும் செய்கிறது. சிலிக்கா தூசியும் அப்படித்தான். கல் உடைக்கும் இடத்திலும் வார்ப்பட வேலையிலும் இருப்பவர்கள் முகமூடியை கழுத்தில் தொங்கவிடாமல் மூக்கில் போடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியர். கத்தரிக்காய் ஆகாது, உருளைக்கிழங்கு வாயு, புளி விஷம் என்று ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் ரத்த சோகைதான் மிச்சம். அப்படி ஒதுக்க ஆதாரம் இல்லை. பழவேற்காட்டுக் கவலை மீன், மத்தி மீன் மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். அந்த எண்ணெய் கொஞ்சம் உதவும். முடக்கத்தான் தோசை சாப்பிடலாம், தப்பில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு முடக்கத்தானை நம்புவதுதான் தப்பு. சித்த மருத்துவத்துக்குப் போவதானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. என்ன இங்கிலீஷ் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை அங்கேயும், என்ன சித்த மருந்து என்பதை இங்கேயும் சொல்லிவிட வேண்டும்.

இ.எஸ்.ஐ. உங்கள் காசு

சிப்காட்டில் பலரிடம் பேசியதில் தெரிந்தது: நோயைவிட வேலை போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது. அதனால் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை.

2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. காண்டிராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு. சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி போடுகிறார். பிடித்த காசுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது தர்மம் கேட்பது அல்ல. நோயில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, டாக்டர் சான்றிதழ் இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு 6 மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். எனவே சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் உண்டு.

கை கால் மூட்டு கோணி, ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக அரசு மருத்துவர் குழு சான்று கொடுத்தால் மாற்றுத் திறனாளி அடையாள அட்டை கிடைக்கும்.

வேலை இடத்தில் சின்ன மாற்றம் கேட்கலாம். ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்யாமல் அரை மணிக்கு ஒரு தடவை கையை விரித்து நீட்ட ஒரு நிமிஷம். நிற்கும் வேலையில் நடுநடுவே உட்கார ஸ்டூல். நம் பாக்கிங் அக்கா சூப்பர்வைசர் அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். டேப் ஒட்டும் வேலையில் இருந்து லேபிள் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். காண்டிராக்டருக்கு இன்னும் தெரியாது.

தைரியம் கணக்கில் வருமா?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற நர்ஸ் 1970-களின் கடைசியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். மூட்டு நோயாளிகளுக்கு 6 வாரம், வாரம் ஒரு நாள். பாடம் நடத்துகிறவர்களில் பலர் டாக்டர்கள் அல்ல. அதே நோய் உள்ள சாதாரண ஜனங்கள். 4 வருடம் கழித்துப் பார்த்தபோது, வந்தவர்களுக்கு வலி 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது என்று 1993-ல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்ததைவிட, "என்னால் இதைச் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை வந்தவர்களுக்கே அதிகப் பலன் என்றும் தெரிந்தது.

இங்கே அப்படி வகுப்பு வேண்டுமானால் தனியாகக் கட்டிடம் தேவையில்லை. ரெயில் பெட்டியே போதும். நம் பாக்கிங் அக்காவுடன் பொன்னேரியில் ஏறுகிற ஒரு பூக்கார அம்மாவுக்கும் இதே நோய். அவருக்கு மாத்திரை ஞாயிற்றுக்கிழமை. கவரைப்பேட்டை வருவதற்குள் ரத்தச் சோதனை, பிள்ளைகள் படிப்பு, எந்த டாக்டர் பொறுமையாகப் பேசுகிறார் என்று எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள். சைக்கிள் டியூப் வித்தை பூக்கார அம்மா சொல்லிக் கொடுத்ததுதான்.

நான் பார்த்த அன்று வியாழக்கிழமை. "மாத்திரை போட்டாச்சா அக்கா?" என்றேன்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். மாமியார் விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். கம்பியை விரலால் பிடிக்கவில்லை. முன்கையைக் கொக்கி போல மாட்டி ஏறினார்.